இரண்டு டிவிக்கு நடுவில் ஒரு பத்தாம் வகுப்பு

கம்பத்தில் இருந்து குமுளிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதை ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அங்கிருந்து கேரளத்துக்குள் இன்னும் அரை மணி நேரம் போனால் வண்டிப்பெரியாறு. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில். அக்கா கொழுந்து எடுக்கப் போகிறாள், மாமாவுக்கு ஃபேக்டரியில் வேலை. 2020 ஜூனில் என் மகனும் அக்கா மகளும் ஒன்றாகப் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள். இரண்டு பேருமே தமிழ் வழி, அரசுப் பள்ளி. அந்த வருஷ முடிவில் என் மகன் ஒரு பரீட்சைகூட எழுதாமல் பத்தாவது பாஸ் ஆனான். அக்கா மகள் 2021 ஏப்ரலில் முகக்கவசம் போட்டுக்கொண்டு எல்லாப் பாடத்தையும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து எழுதினாள்.

கொரோனா இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிள்ளைகள் பேசும் மொழியும் ஒன்றுதான். பள்ளிக்கூட ஏற்பாடு மட்டும் ஏன் இப்படிப் பிரிந்தது என்று அப்போது வீட்டில் எல்லோரும் கேட்டோம். எல்லையோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது சும்மா தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. மறுபடி இப்படி ஒன்று வந்தால் யாரிடம் போய் என்ன கேட்பது என்பது இதில்தான் இருக்கிறது.

முடிவு எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில் இருந்து ஆரம்பிக்கலாம். 1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஒன்றிய அரசும் மாநில அரசும் இரண்டுமே அதில் கை வைக்கலாம். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் டெல்லியில் இருந்தே நாடு முழுக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. செப்டம்பர் 30 அன்று வந்த தளர்வு உத்தரவுதான், அக்டோபர் 15க்குப் பிறகு பள்ளியைத் திறப்பதை மாநிலங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது. ஆனால் மூடியிருந்த நாட்களிலும் பரீட்சை வைப்பதா, பாடத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எவ்வளவு பாடத்தைக் குறைப்பது என்பதெல்லாம் மாநிலத்தின் கையில்தான் இருந்தது. அங்கேயே வழி பிரிந்துவிட்டது.

முதல் வருஷப் பரீட்சையைப் பாருங்கள். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாதி நடந்துகொண்டிருந்தபோது நிறுத்தினார்கள். மிச்சம் இருந்த கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் 2020 மே கடைசி வாரத்தில் நடத்தி முடித்தார்கள். அப்போது கேரளத்தில் தொற்று மிகக் குறைவு, அதனால் துணிந்து நடத்த முடிந்தது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச் 27 அன்று தொடங்க வேண்டியது, ஒரு தாள்கூட நடக்கவில்லை. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட் வழியாக மாவட்டம் மாவட்டமாகத் தொற்று பரவியது. ஜூன் 15 என்று தேதி வைத்து, உயர் நீதிமன்றத்தில் வழக்கு ஓடி, கடைசியில் ஜூன் 9 அன்று ரத்து என்று அறிவித்தார்கள். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்துத் தேர்ச்சி பெற்றார்கள். கேரளம் தைரியசாலி, தமிழ்நாடு பயந்தது என்று அப்போது சிலர் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நோய் இரண்டு மாநிலத்திலும் வேறு வேறு நேரத்தில் ஏறியது, முதல் காரணம் அதுதான்.

அப்புறம் டிவி. என் மனதை அறுத்துக்கொண்டே இருப்பது இந்தப் பகுதிதான்.

கேரளத்தில் விக்டர்ஸ் என்ற கல்வி சேனல் 2005இலேயே வந்துவிட்டது. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது எடுசாட் செயற்கைக்கோளை வைத்துத் தொடங்கிவைத்தது. பள்ளிகளுக்குக் கணினி, புரொஜெக்டர் கொடுத்த வேலையை எல்லாம் பார்க்கும் கைட் என்ற அரசு நிறுவனம்தான் அதை நடத்துகிறது. இப்படி 15 வருஷ அடித்தளம் இருந்ததால் 2020 ஜூன் 1 அன்று, வழக்கமாகப் பள்ளி திறக்கும் அதே நாளில், ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் டிவி வகுப்புகளை ஆரம்பித்துவிட்டார்கள். பாடம் ஒன்றுக்கு அரை மணி நேரம், பத்தாம் வகுப்புக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். டிவியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று அரசே கணக்கெடுத்தது. முதல் இரண்டு வாரம் ஒத்திகை என்று வைத்துக்கொண்டு, வாசகசாலை, அங்கன்வாடி, பழங்குடிக் குடிகளில் இருந்த சமூகப் படிப்பறை என்று கிடைத்த இடத்தில் எல்லாம் டிவி வைத்தார்கள். பள்ளி லேப்டாப்பும் வெளியே போனது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை, 2019 ஆகஸ்டில்தான் வந்தது. 2020 ஜூலை நடுவில் அதில் பாடங்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. அரசு கேபிளில் 200ஆம் எண். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் சொல்லி, அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் வீடியோக்களை ஏற்றிக் கொடுத்தார்கள். பாடத்தையும் சுமார் 40 சதவீதம் குறைத்தார்கள். கேரளம் பாடத்தைக் குறைக்கவில்லை. இந்தப் பகுதியில் இருந்துதான் முக்கியமாகக் கேள்வி வரும் என்று ‘ஃபோகஸ் ஏரியா’ பிரித்துக் கொடுத்தது.

இப்போது என் அக்கா மகள் இருக்கும் இடத்துக்கு வாருங்கள். தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள், மூணாறு எஸ்டேட்டுகள், பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை என்று கேரளத்துக்குள் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் பரவலாக இருக்கிறார்கள். படிப்பது கேரளப் பாடத்திட்டம், புத்தகம் மட்டும் தமிழில். எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாளும் தமிழில் வரும். ஜூன் 1 அன்று விக்டர்ஸில் மணி அடித்தபோது பாடம் மலையாளத்தில் வந்தது. தமிழ், கன்னட வழிப் பிள்ளைகளுக்கான பாடங்கள் தனியாக, யூடியூப் வழியாகவும் உள்ளூர் கேபிள் வழியாகவும்தான் வந்தன. கேபிள் போகாத லயத்துக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, அது எட்டவில்லை. யூடியூப் பார்க்க ரேஞ்ச் வேண்டும். இங்கே கம்பத்தில் டவர் கிடைக்கவில்லை என்போம், அங்கே ரேஞ்ச் இல்லை என்பார்கள். எப்படிச் சொன்னாலும் மலைச்சரிவில் இருக்கும் லயத்தில் அது இல்லை. அக்கா வீட்டில் இருந்தது டிஷ். முதலில் அதில் விக்டர்ஸே வரவில்லை. பக்கத்து லயத்தில் கேபிள் இருந்த வீட்டுக்குப் போய் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மலையாள வகுப்பைப் பார்த்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் ஃபேக்டரிப் பக்கம் நடந்து வந்து, ரேஞ்ச் கிடைத்த இடத்தில் நின்று என் மகனுக்கு வீடியோ கால் போட்டாள். கையில் நோட்டு. “சித்தி, கணக்கு எப்படியோ ஓடுது. ஃபிசிக்ஸ்தான் ஒண்ணும் பிடிபடல. நம்ம தமிழ்நாட்டு டிவியில வர்றத அனுப்பச் சொல்லுங்க” என்றாள். என் மகன் உற்சாகமாகத் தேடினான். கணக்கில் கொஞ்சம் ஒட்டியது. விக்டர்ஸில் ‘சமாந்தர ஸ்ரேணி’ என்று சொன்னது இவன் புத்தகத்தில் ‘கூட்டுத் தொடர்வரிசை’. பெயர் வேறு, உள்ளே இருக்கும் கணக்கு ஒன்று. இவன் எண்களை எழுதிக் காட்ட அவள் தலையாட்டினாள். இயற்பியலுக்கு வந்ததும் இரண்டு பேரும் திகைத்துவிட்டார்கள். கேரளப் பத்தாம் வகுப்பில் முதல் பாடம் மின்னோட்டத்தின் விளைவுகள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முதல் பாடம் இயக்க விதிகள். கல்வித் தொலைக்காட்சியில் நியூட்டன் வந்து நின்றார், அவளுக்கு வேண்டியது மின்சாரம். போனைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. புரிகிற மொழியில் வந்த டிவியில் அவளுடைய பாடம் இல்லை. அவளுடைய பாடம் வந்த டிவியில் அவள் மொழி இல்லை.

இதற்குக் கேரள அரசின் மீது கெட்ட எண்ணம் கற்பிக்க நான் வரவில்லை. மாநிலம் என்ற அளவுகோலை வைத்து அவசரமாக ஒரு திட்டம் போடும்போது, பெரும்பான்மை மொழி முதலில் நிற்கும், சிறுபான்மை மொழி பின்னால் வரும். சாதாரண நாளில் இந்தப் பின்தங்கலை வகுப்பில் நிற்கும் ஒரு தமிழ் ஆசிரியர் சரிக்கட்டிவிடுவார். பள்ளியை மூடியபோது அந்த ஆளைத்தான் நடுவில் இருந்து எடுத்துவிட்டோம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது, அந்த மறுசீரமைப்புக்காக வந்த ஏழாவது திருத்தத்தோடு சேர்ந்தே வந்த பிரிவு இது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றதும், கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்ததும் அதே நாளில். கோடு போட்டவர்களுக்கே கோட்டுக்கு அப்பால் பிள்ளைகள் நிற்பார்கள் என்று தெரிந்திருந்தது. கேள்வித்தாளைத் தமிழில் அடிக்கத் தெரிந்த அமைப்பு, டிவி பாடத்தையும் முதல் நாளே தமிழில் கொடுக்க நினைத்திருக்க வேண்டும்.

ரேஞ்ச் இல்லாததை வெறும் படிப்பு விஷயமாக அப்போது பலர் பேசினார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு மேலே ராஜமலை பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுக் கிடந்ததால் சேதி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. டிவி வகுப்பு எட்டாத இடமும் அபயக் குரல் எட்டாத இடமும் ஒன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் அக்காவிடம் போனில் பேசக்கூட எங்களுக்கு நாக்கு எழவில்லை.

எல்லையும் அந்த மாதங்களில் நிஜமான எல்லையாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் இ-பாஸ், கேரளப் பக்கம் ஜாக்ரதா இணையதளத்தில் பதிவு, போனால் 14 நாள் தனிமை. கம்பம், கூடலூரில் இருந்து விடிகாலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் நின்றன. கூலி நின்ற வீட்டில் நெட் கார்டு போட எங்கே காசு? இருந்த ஒரே போன் அப்பாவின் சட்டைப் பையில். எங்கள் தெருவில் எட்டாவது படித்த பையன்கள் சிலர் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். மதியச் சோற்றுக்குப் பதில் அரசு கொடுத்த அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வந்தது, அது பெரிய உதவி. ஆனால் பையன் பள்ளியில் இருக்கிறானா என்று பார்க்கும் கண் மூடிவிட்டது.

2021 பிறந்ததும் இரண்டு மாநிலமும் 10, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும் கதவைத் திறந்தன. கேரளம் ஜனவரி 1, தமிழ்நாடு ஜனவரி 19. ஏப்ரல் 6 அன்று இரண்டு மாநிலத்திலும் ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தல். ஓட்டுப் போட்டு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று, கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தொடங்கியது. தமிழ்நாட்டில் பிப்ரவரி 25 அன்றே 9, 10, 11ஆம் வகுப்புகளுக்கு எல்லோரும் பாஸ் என்று சொல்லியாகிவிட்டது. ஜூன் 5 அன்று பிளஸ் டூ பரீட்சையும் ரத்தானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 என்று பங்கு போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள்.

இதன் விளைவு இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி வலித்தது. கேரளத்தில் ஃபோகஸ் ஏரியாவும், எழுதத் தேர்ந்தெடுக்க அதிகக் கேள்விகளும் கொடுத்ததால் 99.47 சதவீதம் தேர்ச்சி. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 1,21,318 பேர். முந்தின வருஷம் அது 42 ஆயிரம்கூட இல்லை. விரும்பிய பிரிவில் பிளஸ் ஒன் இடம் கிடைக்காமல் முழு ஏ பிளஸ் பிள்ளைகளே அலைந்தார்கள். எங்கள் பக்கம் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, தேர்ச்சி என்று மட்டும். என் மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நன்றாகப் படித்த பையனுக்கு அதைக் காட்ட ஒரு தாள் இல்லை. அக்கா மகளுக்கு நாலு பாடத்தில் ஏ பிளஸ் வந்தது. மலையாள வகுப்பைப் பார்த்துத் தமிழில் எழுதி வாங்கிய ஏ பிளஸ். அதன் விலை எங்கள் குடும்பத்துக்குத் தெரியும், கிரேடு போட்டவர்களுக்குத் தெரிய வழியில்லை.

பள்ளி திறந்ததிலும் இதே கதைதான், இங்கே காரணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தமிழ்நாடு 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை திறந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் கேரளத்தில் ஒரே நாளில் 31 ஆயிரத்துக்கு மேல் தொற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். எடுத்த நாலாவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 69 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது, கேரளத்தில் 44.4 சதவீதம் பேருக்குத்தான். அதாவது, முதலில் நன்றாகக் கட்டுப்படுத்திய ஊரில் தொற்றாதவர்கள் அதிகம் மிஞ்சியிருந்தார்கள், அலை பின்னால் வந்து நீண்டது. ஆகஸ்ட் 5 முதல் கேரளத்தில் இருந்து வருகிறவர்களிடம் தமிழ்நாடு பரிசோதனைச் சான்றோ இரண்டு டோஸ் ஊசிச் சான்றோ கேட்டது. பாலக்காட்டில் இருந்து கோயம்புத்தூர், பொள்ளாச்சிக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள் வாளையாறிலும் கோபாலபுரத்திலும் அந்தக் காகிதத்தோடு நின்றார்கள்.

ஆந்திர எல்லையில் நிலைமை வேறு. ஆந்திரம் 2020 நவம்பர் 2 அன்றே 9, 10ஆம் வகுப்புகளைத் திறந்துவிட்டது. தமிழ்நாடு நவம்பர் 16 என்று சொல்லி, பெற்றோரிடம் கருத்துக் கேட்டு, அப்புறம் வேண்டாம் என்று நிறுத்தியது. நகரியில் பள்ளி மணி அடித்தபோது திருத்தணியில் கதவு பூட்டியிருந்தது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோதும் ஆந்திரம் மூடவில்லை, தமிழ்நாடும் கேரளமும் மூடின.

சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஒரு விஷயம் ஒத்துப்போனது. 2021 நவம்பர் 1 அன்று, இரண்டு மாநிலமும் ஒரே நாளில் ஒன்றாம் வகுப்பைத் திறந்தன. கேரளத்தில் அது மாநிலம் பிறந்த கேரளப் பிறவி தினம், தோரணம் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவேற்கும் பிரவேசனோற்சவம் நடத்தினார்கள். எங்கள் பக்கம் மழை, மூன்று நாளில் தீபாவளி. அக்கா வீட்டில் அந்த வாரம் வேறு பயம். அக்டோபர் 29 அன்று முல்லைப் பெரியாறு மதகுகளைத் திறந்திருந்தார்கள், ஆற்றோரத்து ஆட்களை முகாமுக்கு ஏற்றியிருந்தார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமையில் அக்காவின் கடைசிப் பையன் முதல்முதலாகப் பள்ளிக்கூடப் படியேறினான். நேராக இரண்டாம் வகுப்புக்கு. ஒன்றாம் வகுப்பை அவன் டிவியில் முடித்திருந்தான், அதுவும் பாதி மலையாளத்தில்.

அவனுக்கு ‘அ’ தெரியும், ‘ஆ’ தெரியும். ‘இ’யைப் பார்த்தால் யோசிப்பான். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கினார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை, அவர்கள் தெருவிலேயே ஒரு தன்னார்வலர். கொரோனாக் காலத்தில் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிவி போக முடியாத இடத்துக்கு ஒரு ஆள் போனார்.

2022 ஏப்ரலில் கேரளத்தில் கோடை விடுமுறை விட்டாகிவிட்டது. தமிழ்நாட்டில் விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட மே வரை பள்ளி நடந்தது. அக்கா பையனைக் கம்பத்துக்கு அனுப்பிவைத்தாள். எங்கள் தெருவில் மையம் நடந்தது ஒரு வீட்டுத் திண்ணையில். அவனைக் கூட்டிக்கொண்டு போய், “இவன் கேரளாவுல படிக்கிறான், கொஞ்ச நாள் உட்கார்ந்துக்கட்டுமாம்மா?” என்று கேட்டேன். அந்தப் பெண் கல்லூரி முடித்த பிள்ளை. செல்போன் ஆப்பில் வருகை போடப் பள்ளி அடையாள எண் வேண்டும், இவனுக்கு அது கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பரவாயில்லக்கா, உட்காரட்டும்” என்று சொல்லி, தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் அவன் பெயரை எழுதிக்கொண்டாள். ஐந்து வாரம் போனான். ஊருக்குப் போகும் அன்று குமுளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு போனான். செக்போஸ்ட் தாண்டியதும் பலகைகள் மலையாளத்துக்கு மாறின. “சித்தி, இதுல தமிழ் எங்க இருக்கு?” என்று கேட்டான். கொஞ்ச தூரம் தேடித்தான் ஒன்றைக் காட்டினேன்.